பர்மாவுக்கு ஆட்சேபணை

அறுபதுகளின் நடுவில் நான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்தேன். அன்னவாசல் பக்கத்து ஊரொன்றில் அப்போது 'பர்மா' என்ற பெயர் மூன்றுக்கு வழங்கியது. ரங்கூனிலிருந்து கப்பலில் திரும்பிய ஆண்கள் அத்தனை பேரும் பர்மா. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்கும் மரியாதை ஊரில் யாருக்கும் இல்லை. அவர்கள் குடிசை போட்டிருந்த கல்லாங்குத்துப் புறம்போக்கும் பர்மா. அவர்கள் காலில் கிடந்த வெல்வெட் வார் வைத்த செருப்பும் பர்மா. மேலத்தெருவுக்குப் பொறுக்காமல் போனது இந்தச் செருப்புதான்.

புறம்போக்கிலிருந்து பஸ் ரோட்டுக்கு வர மேலத்தெரு ஒன்றே வழி. சேரி ஆட்கள் அதன் முனையில் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டத்துக்கு மேற்பட்ட சட்டம். இவர்களுடைய பாட்டனார்கள் எந்தச் சேரியிலிருந்து கப்பலேறினார்கள் என்று தெருவுக்குத் துல்லியமாக நினைவிருந்தது. ரங்கூனில் பிறந்தவர்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. சொன்ன பிறகும் அவர்கள் கழற்றவில்லை.

அவர்கள் மனைப்பட்டா கேட்டு மனுக் கொடுத்தார்கள். பட்டா இல்லாவிட்டால் வீடு கட்டச் சர்க்கார் கடன் கிடையாது. குடிசைகளை யார் வேண்டுமானாலும் என்றைக்கும் பிடுங்கி எறியலாம். நான் விதிப்படி தண்டோரா போடச் செய்து, ஆட்சேபணை கேட்கச் சாவடியில் உட்கார்ந்தேன். மேலத்தெரு முழுவதும் வந்திருந்தது. முன்னால் கிராம முன்சீப். எதிரே, ரங்கூனில் தையற்கடை வைத்திருந்த ஒருவர், எல்லாக் குடும்பங்களுக்குமாக.

"பர்மாவுக்குப் பட்டா குடுக்கக் கூடாதுங்க. ஊரே ஒண்ணா நிக்கிது" என்றார் முன்சீப். பிறகு தையற்காரரைப் பார்த்து, "அங்கிட்டுப் போய் நில்லுடா. கால்ல கெடக்குறதக் கழட்டு" என்றார்.

"நீங்க கழட்டுங்க, நானும் கழட்டுறேன்."

"கப்பல்ல வந்த திமிரு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"ஆமாங்க. நடந்து வந்திருந்தா செருப்புத் தேஞ்சிருக்கும்."

நான் முன்சீப்பிடம் வெள்ளைத்தாளை நீட்டினேன். வாய்மொழி ஆட்சேபணை செல்லாது. காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செருப்புத்தான் காரணமென்றால் அதையே எழுதலாம், தாசில்தாருக்கும் போலீசுக்கும் நானே அனுப்பிவைக்கிறேன் என்றேன்.

தாள் கைமாறியது. எல்லோரும் பள்ளிக்கூடம் போனவர்கள்தாம். ஒருவருக்குத் திடீரென்று கண் தெரியவில்லை. இன்னொருவருக்குக் கை நடுக்கம். "பெரியவுக இருக்கையில நான் எழுதுறதா?" என்று ஓர் இளைஞன் பணிவு காட்டினான். கடைசியில் முன்சீப், அது ஊர் மாடு மேயும் மந்தை என்று எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்திட்ட கிராமக் கணக்கிலேயே அந்த இடம் புல் முளைக்காத கல்லாங்குத்து என்றிருந்தது. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். மனிதர் தாளைத் திரும்ப வாங்கி மடித்து மடியில் செருகிக்கொண்டார். ஆட்சேபணை ஏதும் வரவில்லை என்று நான் பதிந்தேன்.

பட்டா வந்தது. வாங்கிக்கொள்ளத் தையற்காரரைச் சாவடிக்கு வரச் சொல்லியிருந்தேன். நேரம் கழித்து வந்தார். ஏன் என்று கேட்டேன்.

"மேலத்தெரு நெடுக முள்ளு வெட்டிப் போட்டிருக்காங்க. பாத்து வரவேண்டியிருந்துச்சு."

"கால்ல குத்தலையா?"

"செருப்புப் போட்டுருக்கேனுங்களே" என்றபடி கையெழுத்துப் போட்டார்.