புளிக்குப் பதிலாக ஊற்றியது

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கை வியாழன்தோறும் புளி போட்டுத் தேய்ப்பேன். அன்று புளி தீர்ந்திருந்தது. பத்தாவது படிக்கும் மகள் கூடத்தில் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள்: “புளியில் இருப்பதும் அமிலமே.”

எனக்கு அது போதுமானதாக இருந்தது. பாத்ரூம் கழுவும் ஆசிட்டைக் கிண்ணத்தில் ஊற்றி, தேங்காய் நாரில் தொட்டு, வெறும் கையால் தேய்த்தேன். மூக்கு எரிந்தது. விளக்கு மஞ்சள் போய்ச் செம்பு நிறமானது. விரல்கள் சுருக்கென்றன, பிறகு எரிந்தன. மறுநாள் வெள்ளிக்கிழமையாயிற்றே என்று தொடர்ந்து தேய்த்தேன்.

நெடி தாங்காமல் ஓடிவந்த மகள் என் கையை இழுத்துக் குழாயடியில் பிடித்தாள்.

“அடுத்த வரிய கேக்கலையாம்மா? புளி வீக் ஆசிட், தண்ணியில கொஞ்சம்தான் அயனியாப் பிரியும். இது ஸ்ட்ராங், முழுக்கப் பிரிஞ்சிடும்!”

அவள் அழுதாள். ஆனாலும் ஓடும் தண்ணீரிலிருந்து என் கையை எடுக்க விடவில்லை.

“இருவது நிமிஷம் தண்ணியில காட்டினதாலதான் இதோட போச்சுங்க,” என்றார் டாக்டர்.

இப்போது ஆசிட் பாட்டில் தனியே பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டபிறகே எடுக்கிறேன். விளக்குக்குப் புளி மட்டும்தான். அதையும் இடது கையால் கரைக்கிறேன். வலது கை விரல்களுக்கு இன்னும் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் ஒன்றுதான்.