ஐந்து குவளையா, ஆறு குவளையா

என் கணவருக்கு மலையடிவாரத்தில் உள்ள ஒரு நீர்மின் நிலையத்தில் வேலை. மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு வருவார். சாக்கோட்டையைத் தாண்டி இருக்கிற எங்கள் ஊரில் நானும் மூன்று வயது மகளும்தான். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா, என் மதினி.

கல்யாணமான புதிதில் அவருடைய வேலையைப் பற்றி நான் தப்பாக நினைத்திருந்தேன். கரண்ட் தேவைப்படும்போது பொத்தானை அழுத்தித் தண்ணீரைத் திறப்பார்கள் என்று எண்ணியிருந்தேன். அங்கே அப்படி இல்லையாம். கீழே வயலுக்கும் குடிநீருக்கும் இவ்வளவு வேண்டும் என்று பாசனப் பொறியாளர்கள் சொன்ன பிறகுதான் மலைக்குழாயில் தண்ணீர் இறங்குமாம். அது போகிற போக்கில் எந்திரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். "நாங்க தண்ணிய வழியனுப்பி வைக்கிற ஆளுக. பிடிச்சு வச்சுக்கிற ஆளுக இல்ல" என்பார். முன்பெல்லாம் எந்த மாதம் எந்திரம் ஓடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். இப்போது கோடையில் வாரக்கணக்கில் சும்மா நிற்கிறது. திடீரென்று மலையில் கொட்டித் தீர்த்தால் அத்தனை எந்திரமும் மூச்சு விடாமல் ஓடுகிறது.

அந்தத் தண்ணீர் எங்கள் பக்கம் எட்டாது. எங்களுக்கு மழையும் கண்மாயும்தான். மேலூர்க் கண்மாய் நிறைந்தால் எங்கள் கண்மாய்க்கு வரும், எங்களுடையது நிறைந்தால் கீழூருக்குப் போகும். மிஞ்சுகிற தண்ணீர் வழிகிற இடம் கலுங்கு. அதன் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்தக் கற்களுக்கு இடையில் பலகை செருகி, களிமண்ணும் வைக்கோலும் அடைத்து, இரண்டு அடி தண்ணீர் கூடுதலாகத் தேக்குவது வழக்கம். கார்த்திகைக் கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது. மழை முன்போல் இரண்டு மாதம் பரவிப் பெய்யாமல் நாலைந்து நாளில் மொத்தமாகக் கொட்ட ஆரம்பித்ததும், எங்கள் ஊர்க்காரர்கள் வந்ததை விடக்கூடாதென்று ஐப்பசியிலேயே பலகையைப் போட்டுவிட்டார்கள். நான் மருமகளாக வருவதற்கு முந்தின வருடம் அப்படித் தேக்கிய தண்ணீர் ஒரே நாளில் கலுங்கை உடைத்துக்கொண்டு போய், கீழூர்க் கரையையும் அறுத்துவிட்டது.

அப்போது மதினி செய்ததை ஊரில் இன்னும் சொல்வார்கள். கீழூருக்கு நடந்து போய், சேறாகிக் கிடந்த வயல்களுக்கு நடுவில் நின்று, "இது மழை செஞ்சதில்ல. எங்க பலகை செஞ்சது" என்றாராம். அதன் பிறகு மூன்று ஊரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள், மதினி தலைவி. பலகையை ஐப்பசியிலேயே போடலாம், ஆனால் ஒரு விதி. கண்மாய் பலகை மட்டத்தில் நிற்கும்போது ஒரே நாளில் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கு, அதாவது நூற்று இருபது மில்லிமீட்டருக்கு, மேல் மழை பெய்தால் கீழூர் முதலில் பலகையை எடுக்க வேண்டும், பிறகு நாங்கள், பிறகு மேலூர். அதற்கு மழையை அளக்க ஓர் ஆள் வேண்டும். நான் காரைக்குடியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள், வீட்டில் இருக்கிறேன். மழைமானியை எங்கள் கொல்லையில் மரம் மறைக்காத மூலையில் வைத்துவிட்டார்கள்.

தினமும் காலை எட்டரை மணி. புனலுக்கு அடியில் உள்ள கலத்தில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். குவளை இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். மழை அதிகமானால் ஊற்றி, எண்ணி, கொட்டிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டும். கேஸை மூடினேனா என்று மூன்று தடவை பார்க்கிற எனக்கு இந்த வேலை பிடித்திருந்தது. எண்ணிக்கை என்னை ஏமாற்றாது என்று நினைத்தேன்.

தீபாவளி முடிந்த வாரம். இரண்டு நாள் மழையில் கண்மாய் பலகை வரை வந்திருந்தது. மூன்றாம் நாள் காலை நான் அளந்துகொண்டிருந்தபோது மகள் கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தாள். நிறைந்த குவளையோடு ஓடினேன். உதட்டில் லேசாக ரத்தம், பல்லுக்கு ஒன்றுமில்லை. வாயைக் கழுவி, தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். கையில் குவளை காலியாக இருந்தது. எங்கே கொட்டினேன் என்று தெரியவில்லை. மனதில் ஐந்து என்று இருந்தது, அதில் இந்தக் குவளையும் சேர்த்தியா என்று தெரியவில்லை. கலத்தில் மிச்சம் பதின்மூன்று மில்லிமீட்டர். ஐந்து குவளை என்றால் நூற்றுப் பதின்மூன்று, ஆறு என்றால் நூற்று முப்பத்து மூன்று. ஒன்று விதிக்கு உள்ளே, மற்றது வெளியே. நனைந்த மண்ணில் அதை மறுபடி அளக்க வழியில்லை.

ஆறு என்று சொல்லி அது ஐந்தாக இருந்தால், தை மாதம் நெல்லுக்கு வேண்டிய கடைசித் தண்ணீரை நான் திறந்துவிட்டவள் ஆவேன். ஐந்து என்று சொல்லி அது ஆறாக இருந்தால் கீழூர்க் கரைக்கு அடியில் வீடுகள் இருக்கின்றன. கணவருக்குப் போன் செய்தேன்.

"பாப்பாவுக்கு ஒன்னுமில்லையே?" என்றுதான் முதலில் கேட்டார். பிறகு, "எங்க பதிவேட்டுல மீட்டர் சரியா தெரியலன்னா சரியா தெரியலன்னே எழுதணும். நல்ல நம்பரா ஒன்ன எழுதிட்டா, அடுத்த ஷிப்ட்காரன் அத நம்பி வால்வைத் திருப்புவான்."

"எல்லாரும் சிரிப்பாங்களே."

"சிரிக்கட்டும்."

மூன்று ஊர்க்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "113 அல்லது 133. எண்ணிக்கை தவறிவிட்டது. என் தவறு."

உடனே பதில்கள் வந்தன. "படிச்ச பிள்ளைக்கு அஞ்சு வரைக்கும்தான் தெரியுமா?" என்று ஒருவர். "மகளை அங்கன்வாடில விடும்போது நீயும் உள்ள உக்காந்துக்கத்தா" என்று மேலூர்க்காரர் குரல்பதிவு போட்டிருந்தார், பின்னால் யாரோ சிரிக்கும் சத்தத்தோடு. காது சுட்டது.

மதினி உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார். முதலில் பிள்ளையின் உதட்டைப் பார்த்தார்.

"ஓடும்போது குவளை நிறைஞ்சிருந்துச்சா?"

"நிறைஞ்சிருந்துச்சு மதினி. எண்ணினேனான்னுதான் தெரியல."

"அப்ப ஆறு."

"அஞ்சா இருந்தா?"

"இருந்துட்டுப் போகுது" என்று கலுங்குக்கு நடந்தார். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

அங்கே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். மதினி கீழூருக்குப் போன் போட்டார். "உங்க பலகைய எடுத்துட்டீகளா? எடுத்துட்டுச் சொல்லுங்க, அப்புறம்தான் நான் கை வைப்பேன்." பதில் வரும்வரை காத்து நின்றார். அந்த இடைவெளியில் ஒருவர் கேட்டார், "எண்ணத் தெரியாத பிள்ளை பேச்சக் கேட்டு ஊர்த் தண்ணிய வீணாக்குறீகளே, இது நியாயமா?"

"வீணா எங்க மாமா போகுது? கீழூருக்குத்தான போகுது."

"உன் வயலுதான் கடைமடை. முதல்ல காயப்போறது உன்னுதுத்தா."

"அதனாலதான் நானே எடுக்கிறேன். வேற யாராச்சும் கை வச்சிருந்தா இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பேன்."

அவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கீழூரிலிருந்து போன் வந்ததும் மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். சிரித்த இருவரும் கூட இறங்கிக் களிமண்ணை உடைத்தார்கள். முதல் பலகை வெளியே வந்ததும் பழுப்புத் தண்ணீர் குத்துக்கற்களுக்கு நடுவே பாய்ந்தது. தன் வயலுக்கு வரவேண்டிய தண்ணீரை ஒரு மனுஷி இப்படித் தன் கையாலேயே திறந்துவிடுவதை நான் பார்த்ததில்லை.

அன்று மதியம் வெயில் அடித்தது. மேலூர்ப் பலகையில் கை வைக்க வேண்டியே வரவில்லை.

அடுத்த நாளும் வெயில். அதற்கடுத்த நாளும். கார்த்திகையில் தூறல்கள் வந்தன, கண்மாய் மறுபடி பலகை மட்டத்துக்கு ஏறவே இல்லை. கடைக்குப் போனால் யாராவது அஞ்சு என்று விரலைக் காட்டுவார்கள். நான் பருப்பு வாங்காமலேயே திரும்பிய நாள் உண்டு. கணவரிடம் அழுதபோது, "அணையிலயும் வெள்ளத்துக்குன்னு முன்கூட்டியே இடம் விட்டு வைப்பாங்க. முக்கால்வாசி வருஷம் அது வீணாத்தான் தெரியும்" என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மதினி மட்டும் ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தினமும் எட்டரைக்கு என் அளவு குழுவில் வந்ததும், முதலில் பார்த்துவிட்டுச் சரி போடுவது அவர்தான். மற்றவர்கள் கேலி செய்த எண்களைக்கூட அவர் சந்தேகப்பட்டதில்லை.

தை பிறக்கிற சமயத்தில் பயந்தது நடந்தது. மடையை முழுதாகத் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. மதினியின் வயலில் பால் பிடிக்கிற நெல், இன்னும் ஒரே ஒரு தண்ணீர் வேண்டும். வரப்பில் நின்று விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இது என் ஒரு குவளை செய்தது என்றுதான் தோன்றியது.

எங்கள் கடைமடை வயல் முடிகிற இடத்தில் கீழூர்க் கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கிற பகுதி, ஆரம்பிக்கிறது. வெயில் அடித்ததும் பலகையைத் திரும்பப் போட்டு, அன்று நாங்கள் விட்ட தண்ணீரைப் பிடித்துக்கொண்டதால் கீழூர் நிறைந்து கிடந்தது. ஆனால் ஓர் ஊர்க் கண்மாயில் இன்னோர் ஊர்க்காரர் எஞ்சின் வைப்பது இந்தப் பக்கத்தில் அடிதடியில் முடிகிற காரியம். மதினி கேட்கவே இல்லை.

கீழூரிலிருந்து ஒருவர் டீசல் எஞ்சினைச் சைக்கிள் வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். கரை உடைந்த வருடம் வயலை இழந்தவராம். குழாயைத் தங்கள் உள்வாய்க்குள் இறக்கினார். "என்ன பாக்குறீக, மதினிக்கு மட்டும்தான். ஒரே ஒரு தண்ணி" என்று எங்கள் ஊர்க்காரர்களிடம் சொன்னார். "இல்லன்னா உங்க ஊரு பூரா அண்டாவைத் தூக்கிட்டு வந்துருவீக."

எஞ்சின் புகைவிட்டு ஓட ஆரம்பித்தது. தண்ணீர் விரிசல்களுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. மதினி வாய்க்காலில் கால் நனைத்து நின்றார்.

"மதினி, அன்னைக்கு நிஜமாவே அஞ்சுதானோ என்னமோ" என்றேன். இரண்டரை மாதமாக வைத்திருந்த வார்த்தை.

"அந்த ஆறாவது குவளை இதுதான்னு வச்சுக்கத்தா."

மகள் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டாளா என்று பார்க்கத் திரும்பினேன். இறங்கித்தான் இருந்தாள்.