புரொப்பெல்லரின் கடைசி எண்

குணசேகரன் கிளிஞ்சல்மேட்டுக்காரர். வயது நாற்பத்தொன்று. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசு என்ற ஓட்டுயிரியை, காற்று சிலிண்டர் கட்டி முங்கிச் சுரண்டி எடுப்பது அவர் தொழில்.

போன மார்ச்சில் புதுச்சேரி கடல் தொல்லியல் ஆய்வாளர் எழில்மதியின் குழுவுக்கு உதவியாளாகப் போனார். கரையிலிருந்து பத்தொன்பது கடல்மைலில், நாற்பது மீட்டர் ஆழத்தில், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய சரக்குக் கப்பல் ஒன்று கிடந்தது. ஒரே பட்டறையில் ஒரே அச்சில் கட்டிய இரண்டு கப்பல்கள் போரின்போது ஒரு வாரத்துக்குள் குண்டு பட்டு இந்தப் பக்கம் மூழ்கியிருந்தன. இது அவற்றில் எது என்பதுதான் தெரியவில்லை. நாலு நாள் தேடியும் கப்பல் மணியோ பெயர்த்தகடோ அகப்படவில்லை.

ஐந்தாம் நாள் காலை குணசேகரன் தயங்கியபடியே சொன்னார்: "மேடம், புரொப்பெல்லரோட நடுக்குமிழ்ல நம்பர் அடிச்சிருப்பாங்க. வெண்கலம், லேசுல அரிக்காது. அதச் சொரண்டிப் பாப்போமா?"

இரண்டு கப்பல்களின் எண்களும் பட்டறைப் பதிவேட்டில் இருந்தன; கடைசி இலக்கம் மட்டுமே வேறு. எழில்மதி உடனே சிலிண்டரை மாட்டிக்கொண்டு அவரோடு இறங்கினார்.

கீழே கஞ்சித்தண்ணி போலக் கலங்கல். புரொப்பெல்லர் பாதி மணலில் புதைந்திருந்தது. குணசேகரன் சுரண்டியால் ஒரே சீராகச் சுரண்டினார். மூன்று தெரிந்தது, பிறகு எட்டு. கடைசி எண்ணின் மேல் கொட்டலசு கல்லாய் இறுகியிருந்தது. எழில்மதி கடிகாரத்தைக் காட்டினார், கீழே இருக்க இன்னும் இரண்டே நிமிடம். குணசேகரன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு விரலால் தடவினார். நேர்க்கோடு ஒன்று. அப்படியானால் ஒன்றா? இன்னும் கொஞ்சம் பெயர்த்தார். கோட்டின் தலையில் குறுக்கே ஒரு வெட்டு. ஏழு!

மேலேறும் வழியில், உடம்பு அழுத்த மாற்றத்துக்குப் பழக, ஐந்து மீட்டர் ஆழத்தில் சற்று நேரம் நிற்க வேண்டும். குணசேகரன் இடுப்பில் கட்டியிருந்த எழுதுபலகையில் 387 என்று எழுதி நீட்டினார். அதைப் பார்த்த எழில்மதி அவர் தோளை இறுகப் பிடித்தார். பிறகு பென்சிலை வாங்கி எண்ணுக்குக் கீழே கப்பலின் பெயரை எழுதினார்: மார்வுட். குணசேகரன் வாய்க்குழாயைக் கடித்தபடியே கத்தினார். குமிழிகள் குபுகுபுவென்று மேலே போயின.

படகில் ஏறியதும் அவருக்குப் பேச்சு நிற்கவில்லை. படகுக்காரர் மருதையனிடம் மூன்று தடவை சொன்னார்: "நாந்தாண்ணே தடவிப் பாத்தேன். ஏழு. இந்த வெரலுதான்."

ஆய்வறிக்கை ஜூனில் வந்தது. எண்ணைக் கண்டறிந்தவர் குணசேகரன் என்று அச்சாகியிருந்த பக்கத்தை அவர் மனைவி பாரதிப்ரியா சத்தமாகப் படித்தார். குணசேகரன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.