மல்லாந்து கிடந்தவருக்குக் கொடுக்காத பேனை

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தேன். எலும்பு முறிந்த ஆண்களின் வார்ட்டு. நாற்பது கட்டில்; பகலில் நாங்கள் இரண்டு பேர்.

வெளிநாட்டுச் சாமான்கள் அருமையாகிப்போன காலம். பஸ் நிலையத்தடிக் கடைக்காரர் போல்பொயின்ற் பேனைக்கு ரீபில் வந்தால் தெரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்துத் தருவார். ஆகையால் என் பேனையை நான் கவனமாகப் பார்த்தேன். ஸ்பிரிற்றில் நனைத்த பஞ்சால் தினமும் அதன் முனையைத் துடைப்பேன். எண்ணெய்க் கை பட்ட கடதாசியில் எழுதமாட்டேன். குமிழ் வழுக்கி நின்றுவிடும். வெயில் விழும் யன்னலில் வைத்தால் மை இளகி வெள்ளைச் சட்டைப் பையில் ஊறிவிடும். காய்ச்சல் அட்டையைச் சுவரில் வைத்து எழுதுவதையும் விட்டிருந்தேன். முனை மேலே பார்த்தால் மை பின்வாங்கும். ஒருமுறை காற்றுப் புகுந்த ரீபில் பிறகு எழுதுவது சந்தேகம்.

பதினொன்றாம் கட்டிலில் நெடுந்தீவுக்காரர் ஒருவர் கிடந்தார். கடற்றொழில் செய்பவர். இறங்குதுறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. காலில் பாரம் கட்டித் தொங்கவிட்டு, ஆறு கிழமை மல்லாந்தே கிடக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் நாலு சின்னப் பிள்ளைகள், மனைவியால் வரமுடியவில்லை.

"மிசி, உந்தப் பேனையை ஒருக்காத் தாங்கோ. மனிசிக்கு ரெண்டு வரி எழுதவேணும்."

கொடுத்துவிட்டுக் காயம் கட்டப் போனேன். திரும்பி வந்தபோது கடதாசியை முகத்துக்கு மேலே பிடித்தபடி பேனையை உதறி உதறி அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு வரி தெரிந்தது. அதற்குக் கீழே வெறும் கீறல். உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிச் சூடாக்கினேன், பழைய பேப்பரில் வட்டம் வட்டமாகக் கிறுக்கினேன். வரவில்லை. புது ரீபில் கிடைக்க இரண்டு கிழமை சென்றது.

அடுத்த தடவை கேட்டபோது நான் கொடுக்கவில்லை.

"மல்லாந்து கிடந்து எழுதினால் மை இறங்காது அண்ணை. பென்சில் தாறன்."

"பென்சிலாலை எழுதினால் மனிசி பயந்துபோவா. பேனை பிடிக்கவும் ஏலாமல் கிடக்கிறார் எண்டு நினைப்பா."

சொல்லிவிட்டு அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. வேலை முடிந்ததும், கொக்குவிலுக்கு வீட்டுக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு ஸ்ரூலை இழுத்துப்போட்டேன்.

"சொல்லுங்கோ, நான் எழுதிறன்."

அவர் ஏதோ சொல்ல, களைப்பில் என் கை பள்ளிக்கூடத்தில் பழகியபடி எழுதிக்கொண்டு போனது. 'அன்புள்ள மனைவிக்கு, நான் இங்கு நலம். நீங்கள் எல்லோரும் நலமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.' ஆடு குட்டி போட்டதா என்று அவர் கேட்கச் சொன்னதை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸும் போய்விடும் போலிருந்தது.

கடிதத்தைத் தபாலில் போட்ட ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு பெண் கடல்தண்ணியில் சேலைக் கரை நனைந்தபடி வார்ட்டுக்குள் ஓடிவந்தார். கட்டில் கட்டிலாகப் பார்த்து, பதினொன்றாம் கட்டிலடியில் நின்றார்.

"உயிரோடையோ இருக்கிறியள்?"

கேட்டபடியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு மடியிலிருந்து நான் எழுதிய கடிதத்தை எடுத்தார்.

"இது இவரின்ரை எழுத்தில்லை, மிசி. ஒருநாளும் இவர் எனக்கு அன்புள்ள மனைவி எண்டு எழுதினவரில்லை. 'இஞ்சாரும்' எண்டுதான் தொடங்குவார். நேற்று இது கிடைச்ச உடனை, ஆள் முடிஞ்சுது, ஆஸ்பத்திரியாலை தன்மையாய் எழுதியிருக்கினம் எண்டு நினைச்சன். ஊரிலை எல்லாரும் அழுதுகொண்டிருக்கினம்."

கட்டிலில் கிடந்தவர் சிரித்தார். சிரிப்புத் தொடையில் நோக, முகத்தைச் சுளித்தார்.

"எழுதினது ஆர்?" என்று மனைவி கேட்டார்.

"நான்தான், அக்கா."

ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. "வடிவான எழுத்து," என்றார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஒரு ரீபில் கெட்டுவிடும் என்று பயந்து, ஒரு பெண்ணை ஒருநாள் முழுக்க விதவையாக இருக்கவிட்டிருந்தேன்.

ஊருக்குக் காட்டப் புருஷனின் கையெழுத்து வேண்டுமே. பேனையை நானே அவர் கையில் கொடுத்தேன். அரை வரிக்கொருமுறை நின்றது. ஒவ்வொருமுறையும் வாங்கி, முனையைக் கீழே பிடித்து, கடதாசியில் உருட்டி, மை வந்ததும் திருப்பிக் கொடுத்தேன். நாலு வரி எழுத அரை மணித்தியாலம். அதோடு அந்த ரீபிலும் முடிந்தது.

மனைவியைக் கூட்டிக்கொண்டு போய், வெளியே மர வாங்கில் இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். விடிய வெளிக்கிட்டதிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையாம். ஆடு இரண்டு குட்டி போட்டதென்றும், ஒன்று தங்கவில்லையென்றும், அதை அவருக்குச் சொல்லவேண்டாமென்றும் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கோப்பை கையில் இருக்க, சுவரில் தலை சாய்ந்து நித்திரையாகிவிட்டார். துறைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. கோப்பையை மெதுவாக எடுத்து நிலத்தில் வைத்துவிட்டு, நானும் பக்கத்தில் இருந்தேன்.