மூன்று பேர் மிஞ்சிய வகுப்பு

ஷார்ஜாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருந்தது அந்தப் படிப்பு மையம். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் அஞ்சல்வழிப் படிப்பை அங்கே நடத்தினார்கள். வார விடுமுறையான வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு வகுப்பு. இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு வருடம் நான் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். முதல் நாள் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றுகொண்டே பாடம் கேட்டார்கள்.

ஊரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது எனக்குக் கல்யாணமானது. அஜ்மானுக்கு வந்து, ஒரு கட்டுமான கம்பெனியின் அலுவலகத்தில் வரைபடங்களையும் கடிதங்களையும் எண் போட்டு அடுக்கிவைக்கும் வேலை கிடைத்தது. வேலை பிடித்திருந்தது. ஆனால் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் படிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிடும். ‘முடிக்கவில்லை’ என்று எழுதி எழுதிச் சலித்துப் போயிருந்தேன். அதைப் பார்த்த கணவர்தான் ஒருநாள், “திரும்ப முதல்லேர்ந்து படியேன். நான் கொண்டுபோய் விடறேன்” என்றார். வாரத்தில் அவருக்குத் தூங்கக் கிடைத்த ஒரே காலை வெள்ளிக்கிழமைதான். மூன்று வருடம் அதை எனக்காக விட்டுக்கொடுத்தார்.

வகுப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. ஒருவருக்கு வெள்ளிக்கிழமையும் டூட்டி போட்டார்கள். ஒருவரை சவுதியில் அல் கோபாருக்கு மாற்றினார்கள். சிலர் லீவில் ஊருக்குப் போனார்கள், திரும்பி வந்தும் வகுப்புக்கு வரவில்லை. மையத்தை நடத்தியவர் நல்ல மனிதர்தான். ஆனால் வராதவர்களை அழைத்து விசாரிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. பாடங்களைக் குறுந்தட்டில் பதிந்து கொடுத்து, “கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்துக்குங்க” என்பார். தொழிலாளர் கேம்ப்பில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து எழும் ஆள் கம்ப்யூட்டருக்கு எங்கே போவார்? பொங்கல் வந்தபோது அந்த அறையில் மூன்று பேர் மிஞ்சியிருந்தோம்.

ஒருவர் பெரம்பலூர் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். முவைலா கேம்ப்பில் தங்கி, தூண்களுக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்ததில் படிப்பு நின்றுவிட்டது. வகுப்புக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தி வருவார். பேனா பிடிக்கும்போது விரல்கள் முழுவதும் மடங்காது. என்னை ‘மேடம்’ என்பார். நான் அண்ணன் என்று கூப்பிட்ட பிறகும் அதை விடவில்லை.

இன்னொருவர் யாழ்ப்பாணத்து அக்கா. ஷார்ஜாவில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை. நாற்பதைத் தொட்டிருந்தார். அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வருடம் போரில் பாதையை மூடிவிட்டார்களாம். “இடம் கிடைச்சது பிள்ளை, போறதுக்குத்தான் வழி கிடைக்கேல்லை” என்று ஒரே ஒருமுறை சொன்னார். 

வகுப்பு முடிந்ததும் மூவரும் கீழே டீக்கடையில் உட்கார்ந்து அன்றைய பாடத்தைப் பேசுவோம். அங்கேதான் நான் உண்மையில் படித்தேன் என்று சொல்ல வேண்டும். சிந்துவெளிப் பாடம் நடந்த அன்று அண்ணன் புத்தகத்தில் இருந்த சாக்கடைப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“வாட்டம் எவ்வளவு வச்சாங்கன்னு போடலையே மேடம்” என்றார். “செங்கல் அடுக்குறது பெரிய வேலை இல்ல. தண்ணி தேங்காமப் போவணும்ல, அந்த வாட்டம்தான் வேலை. அதைப் புடிச்சவன் பெரிய கெட்டிக்காரனா இருந்திருப்பான்.”

தேர்வில் அந்தக் கேள்வி வந்தபோது நான் அதைத்தான் எழுதினேன்.

பிப்ரவரியில் அவரை ருவைஸ் பக்கம் ஒரு சைட்டுக்கு மாற்றினார்கள். பாலைவனத்துக்குள் பல மணி நேரப் பயணம். கடைசி வகுப்பன்று புத்தகங்களை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“யாராவது புதுசா சேர்ந்தா குடுத்துடுங்க மேடம். நமக்கு இவ்ளோதான்.”

 அக்காதான் பையை அவர் பக்கமே தள்ளினார்.

“ஆர் உங்களை நிப்பாட்டச் சொன்னது? வகுப்புக்கு வரேலாது எண்டால் வகுப்பை அங்கை அனுப்புவம். உங்கடை போனிலை மெமரி கார்டு போடலாமோ?”

போடலாம். அவருடைய கைப்பேசி பழையதுதான், ஆனால் பாட்டுக் கேட்பதற்காக ஒரு கார்டு போட்டுவைத்திருந்தார். அன்றே டீக்கடையில் திட்டம் போட்டோம். பாடப்புத்தகங்கள் எங்களுக்கு ஆங்கிலத்தில்தான் வந்து சேர்ந்திருந்தன. தேர்வைத் தமிழில் எழுத அனுமதி உண்டு. எனவே வாரம் ஒரு பாடத்தை நான் படித்து, தமிழில் சொல்லி, என் கைப்பேசியில் பதிவேன். ஆங்கிலத் தாளை அக்கா பார்த்துக்கொள்வார். கார்டை மருத்துவமனையில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்னக் காகித உறையில் வைத்து ஒட்டுவார். வியாழக்கிழமைகளில் அண்ணனுடைய சைட்டிலிருந்து சாமான் எடுக்க முவைலாவுக்கு வரும் பிக்கப் டிரைவர், ஒரு மலையாளி, அதை வாங்கிப் போவார். பழைய கார்டு அவரோடு திரும்பி வரும். கேட்டு முடித்துவிட்டால் ஒரு மிஸ்டு கால். புரியவில்லை என்றால் இரண்டு. இரண்டு வந்தால் நாங்கள் திரும்ப அழைப்போம்.

முதல் உறையின் மேல் காலை, மதியம் என்ற கட்டங்களில் அக்கா டிக் போட்டு, ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்று எழுதியிருந்தார்.

ஆரம்பத்தில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, எக்ஸாஸ்ட் விசிறியை நிறுத்திவிட்டு, மௌரியர் ஆட்சியைச் சுவரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் இரண்டு மிஸ்டு கால் வரும். அழைத்தால், “மேடம், கொஞ்சம் மெதுவா. நீங்க பஸ்ஸைப் புடிக்கிற மாரி ஓடுறீங்க” என்பார். மெதுவாகப் பேசக் கற்றேன். மெதுவாகப் பேசினால்தான் எனக்கே எது புரியவில்லை என்று தெரிந்தது.

கோடையில் வெயில் உச்சத்தில் இருக்கும் மதிய நேரத்தில் சைட்டில் வேலையை நிறுத்திவிடுவார்கள். அப்போது ஷெட் நிழலில் படுத்துக்கொண்டு காதில் மாட்டிக் கேட்பாராம். பக்கத்தில் படுத்திருந்த பீகார்க்காரர் ஒருநாள் பொறுக்க முடியாமல், “பாய், கானா லகாவ்” என்று பாட்டுப் போடச் சொன்னாராம். “இதுதான் பாட்டுன்னேன் மேடம். ஸ்பீக்கர்ல போட்டுக் காமிச்சேன். ஒண்ணும் புரியாமலே பத்து நிமிசம் கேட்டான். அச்சா ஆவாஜ், நல்ல குரலுன்னு சொல்லிட்டுத் தூங்கிட்டான்.”

முதல் வருடத் தேர்வுக்கு லீவு வாங்கிக்கொண்டு வந்து எழுதினார். ஆங்கிலம் தவிர எல்லாவற்றிலும் தேறியிருந்தார். நாங்கள் இருவரும் எல்லாத் தாளிலும் தேறினோம். மையத்தை நடத்தியவர் எங்கள் ஏற்பாட்டைக் கேட்டுவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அடுத்த வாரம் அவரே பழைய மாணவர்கள் சிலரை அழைத்துப் பேசினார் என்று அறிந்தேன். இரண்டு பேர் திரும்பி வந்தார்கள்.

இரண்டாம் வருடம் தொடங்கிய சில மாதங்களில் நான் கருவுற்றேன். ஏழு வருடம் காத்திருந்த பிள்ளை. நான்காம் மாதத்தில் அது தங்கவில்லை.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு அதிகம் இல்லை. மருத்துவமனையிலிருந்து வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சோபாவிலேயே கிடந்தேன். அலுவலகத்துக்கு மட்டும் போனேன். வெள்ளிக்கிழமை கணவர் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். நான் தலையசைத்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். கைப்பேசியில் இரண்டு மிஸ்டு கால் வந்து ஓயும். திரும்ப அழைக்கவில்லை. படிப்பு என்ற கட்டத்தில் ஆயுள் முழுவதும் ‘முடிக்கவில்லை’ என்றே எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

ஐந்தாவது வாரம் அக்கா அஜ்மானுக்கு பஸ் பிடித்து வந்துவிட்டார். கையில் ஒரு தூக்கில் ஒடியல் கூழ். யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த ஒடியல் மா, காயவைத்த பனங்கிழங்கை இடித்ததாம்.  கூழை ஊற்றிக் கையில் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து மாத்திரை உறை ஒன்றை எடுத்தார்.

“இது நான் ஒட்டினது இல்லைப் பிள்ளை. அங்கையிருந்து வந்தது. உம்மட்டைத்தான் குடுக்கச் சொன்னவர். நான் போட்டுக் கேக்கேல்லை.”

அவர் போன பிறகு கார்டைப் போட்டேன். முதலில் காற்றின் இரைச்சல். பிறகு தொண்டையைக் கனைக்கும் சத்தம்.

“வணக்கம் மேடம். மூணாவது தாளு, அஞ்சாவது பாடம். விஜயநகர ஆட்சி. நீங்க படிக்கலைன்னு அக்கா சொன்னாங்க. அதான் நானே படிக்கிறேன். தப்பா இருந்தா சொல்லுங்க.”

ஆங்கிலப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஒரு வரியைப் படித்துவிட்டு நிறுத்துவார், அகராதியின் தாள் புரளும் சத்தம் கேட்கும், பிறகு தமிழில் சொல்வார். நீர்ப்பாசனம் பற்றிய பகுதியில் புத்தகத்தை விட்டுவிட்டு, கல்லணையில் தான் பார்த்ததையும் ஏரிக்கு எப்படி மதகு வைப்பார்கள் என்பதையும் விவரித்தார். பின்னால் யாரோ இந்தியில் ஏதோ கேட்க, “சுப் கரோ பாய், கிளாஸ் நடக்குது” என்றார். நாற்பது நிமிடத்துக்கு மேல் போனது. ஒரு அரசருடைய பெயரை மூன்று விதமாகச் சொன்னார்.

பாடம் முடிந்தது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

“எங்க வூட்லயும் ஒண்ணு தங்கல. நான் இங்க இருந்தேன். போன்லதான் சொன்னாங்க. பக்கத்துல இருக்க முடியல. எங்க வூட்டு ஆளு பாவம், தனியாவே இருந்துச்சு. நீங்க தனியா இருக்காதீங்க தங்கச்சி. அடுத்த பாடம் நீங்க படிச்சு அனுப்புங்க. எனக்குப் புரியல.”

மேடம் என்பது எந்த இடத்தில் தங்கச்சி ஆனது என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் கவனித்தேன். கணவர் வேலையிலிருந்து வந்தார். அவருக்கும் போட்டுக் காட்டினேன். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதோம். அதுவரை ஒருவர் பார்க்காதபோது மற்றவர் அழுதுகொண்டிருந்தோம்.

மறுநாள் அந்த அரசரின் பெயரைத் திருத்திச் சொல்லி ஆறாம் பாடத்தைப் பதிந்தேன்.  நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தேன். அந்த வாரம் ஒரு மிஸ்டு கால் வந்தது.

இரண்டாம் வருடம் எனக்கு ஒரு தாள் போனது, அடுத்த முறை எழுதித் தேறினேன். மூன்றாம் வருடம் வகுப்பில் ஏழு பேராகியிருந்தோம். கார்டு போய் வருவது மூன்று கேம்ப்களுக்கு என்றாகிவிட்டது. அக்கா ஒரு மின்னஞ்சல் குழுவும் தொடங்கினார். இணைய மையத்துக்குப் போக முடிந்தவர்கள் அதில் கேள்வி அனுப்புவார்கள். அக்காவும் நானும் பட்டம் பெற்றோம். சான்றிதழ் கூரியரில் வந்தபோது அக்கா அதை மருத்துவமனைக்கு எடுத்துப் போய், தன்னுடைய டாக்டரிடம் காட்டிவிட்டு, அன்று மாலையே யாழ்ப்பாணத்தில் இருந்த தங்கைக்கு அனுப்பிவைத்தார். “அம்மாவின்ரை படத்துக்குப் பக்கத்திலை மாட்டச் சொல்லிச் சொன்னனான்” என்றார்.

அண்ணனுக்கு ஆங்கிலம் மட்டும் நின்றது. இரண்டு முறை எழுதியும் கிட்டவில்லை. அதற்குள் பொருளாதாரச் சரிவில் வேலைகள் நின்றுபோய், சைட் சைட்டாக ஆட்களை ஊருக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அவருடைய பெயரும் பட்டியலில் வந்தது. பெரம்பலூருக்குப் போய், அங்கேயே செண்ட்ரிங் வேலை பார்த்துக்கொண்டு, திருச்சியில் போய் மூன்றாம் முறை எழுதினார். அக்கா வாரம் ஒருமுறை தொலைபேசியில் அவருக்கு ஆங்கிலம் நடத்தினார்.

முடிவு வந்த அன்று அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பதிவு எண்ணைத் தட்டினேன். பக்கம் திறக்க வெகுநேரம் ஆனது. பார்த்துவிட்டு அவருக்கு அழைத்தேன். ஏதோ ஒரு கட்டடத்தின் மேல்தளத்தில் நின்றிருந்தார், சம்மட்டிச் சத்தம் கேட்டது.

“அண்ணே, பாஸ்.”

“நம்பரை இன்னொரு வாட்டி பாருங்க தங்கச்சி.”

ஒவ்வொரு எண்ணாகப் படித்தேன்.

“எவ்ளோ?”

“நாற்பத்தொண்ணு.”

“நாற்பது வாங்குனா போதும்ல” என்றார். “ஒண்ணு கூடவே இருக்கு.”

அக்கா என் கையிலிருந்து போனை வாங்கி, “அந்தக் கட்டுரைக் கேள்வியை எழுதினீங்களோ? நான் சொன்னதுதானே வந்தது?” என்று கேட்டார்.  சம்மட்டிச் சத்தம் நின்றிருந்தது. பதிலுக்கு ஒரு பெண்குரல் கேட்டது. மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்தவர்போல.

“அக்கா, நான் இவரு வூட்டு ஆளு பேசுறேன். இவரு உக்காந்து அழுவுறாரு. கொஞ்ச நேரம் கழிச்சுக் கூப்புடச் சொல்லட்டுமா?”

“ஓம், ஆறுதலா எடுக்கட்டும்” என்று சொல்லி அக்கா போனை வைத்தார். மேலாளரிடம் அரை மணி நேரம் அனுமதி கேட்டேன். இருவரும் கீழே இறங்கிப் போய் டீ குடித்தோம்.