மாங்காயா, கேள்விக்குறியா?

எங்கள் தெருவில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று குடும்பமே நம்பியது. மறுத்துப் பேச எனக்கும் மனம் வரவில்லை.

பிறருக்கே நெய்து கொடுத்துக்கொண்டிருந்த சித்தப்பா, அந்த வருடம் வீட்டு முன்னறையிலேயே சொந்தமாகப் புடவைக் கடை போடத் துணிந்தார். தேரன்று திறப்பு. தேர் பார்க்க வெள்ளைக்காரர்களும் வருவார்களாம். ஆகவே வாசல் பலகையில் ஒரு வரி இங்கிலீஷ் வேண்டும்.

"இந்த மாதிரிப் பட்டு வேற எங்க கிடைக்கும்னு எழுதுடா" என்றார்.

மஞ்சள் பெயிண்டில் 'வேர் எல்ஸ் வில் யூ கெட் சில்க் லைக் திஸ்' என்று எழுதிவிட்டு, கேள்விக்குறிக்காக பிரஷ்ஷைத் தூக்கினேன். சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா பண்றே? நாம இன்னா கேள்வியா கேக்கறோம்? இங்கதான் கிடைக்கும்னு சொல்லிக்கினு இருக்கறோம். கொக்கி போட்டு வெச்சா, எதிர்க்கடையிலன்னு எவனாவது பதில் சொல்லிட்டுப் போவான்!"

நியாயமாகத்தான் பட்டது. முற்றுப்புள்ளி வைக்கக் குனிந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது. எங்கள் இங்கிலீஷ் டீச்சர் தேரன்று இந்தத் தெரு வழியாகத்தான் வருவார். பதில் வேண்டாத கேள்வியானாலும் கேள்விக்குறி உண்டு என்று வகுப்பில் தொண்டை வற்றக் கத்தியவர் அவர். குறியை விட்டால் டீச்சர் கிழிப்பார், போட்டால் சித்தப்பா. எப்படியும் என் இங்கிலீஷ் மானம் தெருவில் போகப்போகிறது.

பயம் வந்தால் எனக்கு மூளை தனி ரகமாக வேலை செய்யும். இன்றைக்கும் அப்படித்தான், வீட்டில் கேட்டால் சொல்வார்கள். புடவைக் கரையில் வருமே மாங்காய், அதைத் தலைகீழாக வளைத்து, வாலை இறக்கி, அடியில் ஒரு பொட்டு வைத்தேன்.

"மாங்காய் ஜோரா இருக்குதுபா!" என்றார் சித்தப்பா.

தேரன்று மதியம்வரை கடைக்குள் ஒருவரும் ஏறவில்லை. சித்தப்பா பலகையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். நான் உள்ளே தறிக்குழியில் பதுங்கியிருந்தேன். டீச்சர் வந்தார். பலகையைப் பார்த்துத் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

"யாரு எழுதினது?"

"நம்ம பையன்தாம்மா" என்று சித்தப்பா பெருமையாக என்னை இழுத்து வந்து நிறுத்தினார்.

"இது என்னப்பா, மாங்காயா, கேள்விக்குறியா?"

"உங்களுக்குக் கேள்விக்குறி, டீச்சர். சித்தப்பாவுக்கு மாங்காய்."

டீச்சர் சிரித்த சிரிப்பில் படியேறி வந்து கடைப் பாயில் உட்கார்ந்தே விட்டார். "உன்னையெல்லாம் வெச்சுக்கினு நான் என்னதான் பண்றது?" என்றவர், உட்கார்ந்த இடத்திலேயே மாங்காய்க் கரைப் புடவை ஒன்றை எடுத்தார். கடையின் முதல் போணி. சித்தப்பா ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றினார். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் இரண்டு பெண்கள் படியேறினார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. டீச்சர் கேள்வி கேட்டிருக்கிறார், நான் பதில் சொல்லவில்லையே! மறுபடி பள்ளிக்கூடம் திறந்ததும் முதல் வேலையாக அவர் எதிரில் போய் நின்றேன்.

"கடைசி பெஞ்ச்ல உக்கார வெச்சிடுங்க, டீச்சர்."

"எதுக்குப்பா?"

"என்னை வெச்சுக்கினு என்ன பண்றதுன்னு கேட்டீங்களே, அதுக்கு."

அவர் மறுபடியும் சிரித்தார். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. டீச்சரும் சித்தப்பாவைப் போல மாங்காய் வைத்துத்தான் பேசியிருந்தார். என் காதில் அது கேள்விக்குறியாக விழுந்துவிட்டது.