முன்சக்கரம் பின்னால் சுற்றிய வண்டி

எங்கள் பிக்கப் வண்டி நான்கு மாதம் முன்சக்கரங்கள் இல்லாமல் வாசலில் நின்றது. பழுதான வண்டி இல்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி. அதைச் செங்கல் அடுக்கின்மேல் ஏற்றி வைத்தவரும் வேறு யாரோ இல்லை, அந்த வண்டியை நம்பிப் பிழைத்த என் அப்பா, என் நைனாதான். அப்போது எனக்குப் பதினோரு வயது. அந்த நான்கு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நைனாவின் தொழிலில் சிக்கல் ஒன்றும் இல்லை. திருத்தணியில் நூல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆர்.கே.பேட்டை பக்கத்துத் தறி ஊர்களுக்குப் போவார். நெய்த துணிக் கட்டுகளோடு திரும்புவார். வழியெல்லாம் தார் ரோடு. ஒரே ஒரு ஊருக்கு மட்டும் ஏரிக்கரை மண்பாதையில் போக வேண்டும். மழைக்காலத்தில் வருடத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ அங்கே வண்டி சேற்றில் மாட்டும். பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அது. சேற்றில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்க, முன்சக்கரம் சும்மா வேடிக்கை பார்க்கும். யாராவது டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து விடுவார்கள். நைனா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வருவார். இதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை, மாமா வந்து சேரும் வரைக்கும்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அரக்கோணத்தில் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். அந்த வருடம் சித்திரையில் மாமாவின் மனைவி, எனக்கு அத்தை, ஆறு நாள் காய்ச்சலில் இறந்துபோனாள். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் நைனா திடீரென்று அரக்கோணம் போய் மாமாவைக் கையோடு அழைத்து வந்தார். பத்து நாள் இருப்பார் என்றார்கள். என் கட்டிலை அவருக்குக் கொடுத்தார்கள். மாமா அதில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சோற்றைப் பிசைவார், பாதியில் எழுந்து போய்விடுவார். தாடி வளர்ந்தது. பத்து நாள் முப்பது நாளாயிற்று. நான் தரையில் பாய் போட்டுப் படுத்தேன்.

கட்டில் போனதோடு எனக்குப் புதிதாக ஒரு வேலையும் வந்து சேர்ந்தது. மாமா வெளியே கிளம்பினால் நானும் கூடப் போக வேண்டும். "கேட்டாண்ட வேணாம், பஜார் வழியா இட்டுகினு போ" என்பாள் அம்மா. ரயில்வே கேட் வழியாகப் போனால் டீக்கடைக்குப் பாதி தூரம்தான். ஏன் ஊரைச் சுற்ற வேண்டும் என்று கேட்டால், "சொன்னதச் செய்" என்று விரட்டுவாள். தாடி வைத்த ஒரு பெரிய ஆளை டீக்கடைக்கு நடத்திக்கொண்டு போய், அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, திரும்ப வீடு கொண்டுவந்து சேர்ப்பது பள்ளித் தோழிகளின் கண்ணில் படக்கூடிய காரியமா? அவர்கள் எல்லாருமே பஜாரில்தான் இருந்தார்கள்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்த நைனா, "மச்சான், நம்ம வண்டிய நாலு சக்கரமும் இழுக்கற மாதிரி மாத்தணும்" என்றார்.

மாமா தலை நிமிரவில்லை. "ஆவாது பாவா" என்றார். அக்கா புருஷனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"ஏன் ஆவாது? நகரியாண்ட ஒரு மாந்தோப்புல பழைய ஜீப்பு ஒண்ணு செத்துக் கெடக்குது. அதோட முன் ஆக்சிலக் கழட்டி இதுல மாட்டிட்டா ஆச்சி."

மாமா நிமிர்ந்தார். "மாட்டிட்டா ஆச்சா? இன்னா பாவா, கொழாய்க்கு வாஷர் மாத்தற மாதிரி சொல்றீங்க?"

அவர் அத்தனை நீளமாகப் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. நம் வண்டியில் முன்சக்கரம் இரண்டும் தனித்தனியாகத் தொங்குகின்றன. அதையெல்லாம் அறுத்து எடுத்துவிட்டுப் பட்டை ஸ்பிரிங் வைக்க வேண்டும். ஆக்சில் எஞ்சினின் அடிவயிற்றில் இடிக்கும். அதற்காக வண்டியையே ஒரு முழம் தூக்க வேண்டும். இருக்கிற கியர் பெட்டிக்குப் பின்னால் இன்னொரு பெட்டி வைத்து, இழுப்பைப் பிரித்து முன்னால் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் நைனா "அதெல்லாம் ஆவும்" என்று ஒரே பதிலைச் சொன்னார். மாமாவுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அம்மா கரண்டியோடு நின்றபடி, "ஓடிகினு இருக்கற வண்டிய எதுக்குங்க உரிக்கணும்?" என்று கேட்டாள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

அடுத்த வாரமே ஜீப்பின் ஆக்சில், முன்சக்கரம் இரண்டையும் தாங்குகிற இரும்பு அச்சு, வாசலில் வந்து இறங்கியது. எங்கள் வண்டியின் முன்சக்கரங்கள் கழன்றன. நைனா அடுத்த தெருக்காரரின் வண்டியைக் கூலிக்கு ஓட்டப் போனார். சொந்த வண்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்தவர் வண்டியை ஓட்டிய மனிதர் திருத்தணியில் அவர் ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

வீடு ஷெட்டாக மாறியது. அம்மாவின் இட்லித் தட்டில் குழிக்கு ஒன்றாகப் பேரிங் குண்டுகள் மண்ணெண்ணெயில் ஊறின. துணி துவைக்கிற கல்லில் கிரீஸ். என் பள்ளிச் சட்டையில் கிரீஸ். ஒருமுறை தயிர்ச் சட்டியின் மூடியைத் திறந்தால் உள்ளே நட்டுகள் இருந்தன. ஆடிக் கிருத்திகைக்கு மலைக்குப் போகிற காவடிக் கூட்டம் எங்கள் தெரு வழியாகத்தான் போகும். நிழலுக்கு ஒதுங்கிய யாரோ ஒரு புண்ணியவதி, செங்கல்மேல் நின்ற வண்டியில் பூட்டியிருந்த ஆக்சிலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனாள். மாமா அதைத் துடைக்காமல் சுற்றி வேலை செய்தார்.

அம்மா தெருவே கேட்கும்படி கத்தினாள். "வூடா இது? இன்னா கருமமோ புடிச்சி ஆட்டுது இந்த ஆளை!" கத்தி முடித்ததும் உள்ளே போய் இருவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுப்பாள். இது எனக்குப் பொறுக்கவே இல்லை. கோபம் என்றால் அதில் ஒரு நேர்மை வேண்டாமா?

நைனா மாலையில் வந்து மாமாவுக்கு உதவி செய்வார். அவருடைய உதவி மாதிரி ஒரு தொல்லை உலகத்தில் கிடையாது. வண்டி ஓட்டுவதில் கெட்டிக்காரர், ஆனால் ஒரு போல்ட்டை நேராக மாட்டத் தெரியாது. மாமா ஒரு வேலையை முடித்து எழுந்தால், "மச்சான், இது லேசா ஆடற மாதிரி இல்ல?" என்பார். மாமா திரும்பவும் படுத்து வண்டிக்கு அடியில் நுழைவார். எஞ்சின் இழுப்பை முன்னால் கொண்டுபோகிற ஷாஃப்ட் நேராகப் பொருந்தவில்லை என்று மாமா தலையைச் சொறிந்தபோது, "ஆக்சிலத் தலைகீழாத் திருப்பிப் போட்டா ஷாஃப்டு நேரா வருது பார்" என்று யோசனை சொன்னவரும் நைனாதான். மாமாவின் புத்தி அன்று எங்கே இருந்ததோ, சரி என்று திருப்பிப் பூட்டிவிட்டார்.

ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை வெள்ளோட்டம். பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டினார்கள். தெருவே கூடியிருந்தது, என் வகுப்பில் படித்த நாலைந்து பேரும் இருந்தார்கள். வண்டி ஒட்டகம் மாதிரி உயர்ந்து நின்றது. நைனா ஓட்ட, நான் நடுவில், மாமா ஓரத்தில். தெருவில் பத்தடி நன்றாகவே போனது. "இப்போ போடுங்க பாவா" என்றார் மாமா. நைனா புதிய லீவரை இழுத்தார்.

வண்டி உறுமியது. பின்சக்கரம் முன்னால் போகப் பார்த்தது. முன்சக்கரம் பின்னால் வரப் பார்த்தது. நடுவில் நாங்கள் மூவரும் சல்லடையில் போட்ட வேர்க்கடலை மாதிரிக் குலுங்கினோம். நான்கு சக்கரமும் தெரு மண்ணைத் தோண்டி எங்கள்மேல் வாரி இறைத்தன. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஆக்சிலைத் தலைகீழாகப் போட்டால் சக்கரமும் எதிர்ப்பக்கம் சுற்றும் என்பது ஆறாம் வகுப்புப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. இருபது வருடம் வண்டி ஓட்டியவருக்குத் தெரிய வேண்டாமா?

தெரு கைகொட்டிச் சிரித்தது. நைனா லீவரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்போது பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. மாமா சிரித்துக்கொண்டிருந்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்டச் சிரித்தார். நைனா அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் என் தோழிகள் எனக்கு முன்னால் பின்பக்கமாக நடந்து காட்டினார்கள். ஒரு வாரம் நடந்தார்கள்.

மறுபடியும் செங்கல். மறுபடியும் இட்லித் தட்டு. மாமா இப்போது ஒரு நோட்டில் படம் வரைந்து கணக்குப் போட்டு வேலை செய்தார். இரண்டாவது கியர் பெட்டியை இடம் மாற்றினார். ஆக்சிலை நேராக நிறுத்தினார். இருந்தும் முறுக்கி வைத்த போல்ட் இரண்டொரு நாளில் தளர்ந்து கிடக்கும், மாமா மறுபடி முறுக்குவார். புரட்டாசியில் ஒரு சாயங்காலம், "நாளைக்கு எறக்கிடலாம் பாவா" என்றார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் விடியும்போது வாளி எடுக்க வெளியே வந்தேன். வண்டிக்கு அடியில் நைனாவின் கால் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். மாமா முந்தின நாள் முறுக்கி வைத்த போல்ட்டுகளை நைனா ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். பிறகு ஆக்சிலின் முனையிலிருந்து எண்ணெய் தடுக்கிற ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து, பக்கத்துக் கால்வாயில் எறிந்தார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னேன். நான்கு மாதமாகக் கத்திய அம்மா இன்று வீட்டை இரண்டாக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி, "நீ பாத்ததை மாமாகிட்ட சொன்னே, தோலை உரிச்சிடுவேன்" என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் எப்படிச் சும்மா இருக்க முடியும்? பள்ளிக்குப் போகிற மாதிரிப் பையை மாட்டிக்கொண்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நைனாதான் கழற்றுகிறார், ஒவ்வொரு தடவையும் அவராகத்தான் இருக்கும், அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, அம்மாவும் கூட்டு.

மாமா வாய் கொப்பளித்துத் துப்பினார். என் பையின் வாரைச் சரிசெய்தார்.

"தெரியும் பாப்பா" என்றார்.

"தெரிஞ்சிகினேவா மறுபடி மறுபடி பூட்டறே?"

"ஆங். உங்க நைனா கழட்டிகினே இருக்காரு. நான் இன்னா பண்றது, பூட்டத்தானே வேணும்?"

இந்த வீட்டில் புத்தி உள்ளவள் நான் ஒருத்திதான் என்று முடிவு செய்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

அந்த வாரக் கடைசியில் மாமா புது வளையம் வாங்கி வந்து மாட்டினார். நைனாவைக் கூப்பிட்டு, "போதும் பாவா" என்று மட்டும் சொன்னார். நைனா அவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரைப் பெட்டியில் போட்டார். அதன் பிறகு எதுவும் ஆடவில்லை, எதுவும் கழலவில்லை.

ஐப்பசி மழையில் ஏரிக்கரைக்குப் போனோம். முழங்கால் சேறு. நைனா லீவரை இழுத்தார். நான்கு சக்கரமும் சேற்றைப் பிடித்தன. எருமை குட்டையிலிருந்து கரையேறுவது போல வண்டி நிதானமாக ஏறிப் போனது. எதிரே நின்ற டிராக்டர்காரர் சீட்டிலிருந்து இறங்கியே பார்த்தார். எனக்கும் அரை மணி நேரம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஒரு முறைதான். அடுத்த மாதம் எஃப்.சி.க்கு, அதாவது ரோட்டில் ஓடத் தகுதிச் சான்று வாங்க, போன வண்டியைப் பார்த்த அதிகாரி, இது என்ன பிராணி என்று கேட்டாராம். கம்பெனி செய்து கொடுத்தபடி இருந்தால்தான் சான்று, இல்லாவிட்டால் ரோட்டில் ஓடக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. நான்கு மாதம் பூட்டியதை மாமா இரண்டே நாளில் கழற்றி, வண்டியைப் பழையபடி ஆக்கிக் கொடுத்தார். அந்த இரண்டு நாளும் நைனா பக்கத்தில் உட்கார்ந்து விசில் அடித்துக்கொண்டிருந்தார். தலையில் கை வைக்க வேண்டிய மனிதர் விசில் அடிக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்திரையில் நைனா மாமாவை அழைத்து வந்தது அவர் ஷெட்டிலிருந்து இல்லை, அரக்கோணத்துக்கு வெளியே தண்டவாளத்தின் ஓரத்திலிருந்து என்பதை, எனக்குக் கல்யாணமாகி வெகு நாளைக்குப் பிறகுதான் அம்மா சொன்னாள். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வண்டிக்கு எஃப்.சி. கிடைத்த மறுநாள் மாமா தாடியை எடுத்துவிட்டு, ஷெட்டைத் திறக்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு நின்றார் என்பதுதான். பஸ் ஸ்டாண்டுக்கு எல்லாரும் போனோம். அரக்கோணம் பஸ் வந்தது. மாமா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, "வரேன்க்கா" என்றார்.

பஸ் திரும்பி மறைகிற வரைக்கும் சும்மா நின்ற அம்மா, அது மறைந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு, சுற்றிலும் ஆட்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதாள். நைனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டு அங்கிருந்த பூக்கடையைப் பார்த்தார். இத்தனை மாதப் பாடும் வீணாகப் போனதே என்றுதான் அழுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. முதல் தடவையாக எனக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா" என்றேன். "அதான் எஃப்.சி. குடுத்துட்டாங்க இல்ல?"